மனவேதனைக்கு நஷ்டஈடு, நஷ்டஈட்டுக்கு வரி

விபத்தில் காயமுற்றவர்களும் நோயுற்றவர்களும் வழக்காடியோ சமரசமாகவோ பெறும் நஷ்டஈட்டுக்கு வருமான வரி கிடையாது என்று அமெரிக்காவில் முதலில் விதித்தது 1918-ஆம் ஆண்டின் வருவாய்ச் சட்டம். மனித உடலும் ஒருவகை மூலதனம். அது சிதைந்ததற்கு ஈடாக வரும் பணம் புதிய ஆதாயம் ஆகாது என்பதே அன்றைய அரசுத் தலைமை வழக்கறிஞரின் வாதம்.

மனக்காயத்தைப் பற்றி அச்சட்டம் தெளிவாகச் சொல்லவில்லை. கணவன் அல்லது மனைவியின் அன்பைப் பிறர் கவர்ந்ததற்காகக் கிடைத்த நஷ்டஈட்டுக்கு வரி உண்டு என்று 1920-இல் சொன்ன கருவூலத் துறை, 1922-இல் அதைக் கைவிட்டது. அவதூறுக்கான நஷ்டஈடும் வருமானமல்ல என்று வரி மேல்முறையீட்டு வாரியம் 1927-இல் தீர்ப்பளித்தது. 1954-இல் வரிச்சட்டத்தின் 104-ஆம் பிரிவாக இந்த விலக்கு இடம்பெற்றது.

பணியிடப் பாகுபாட்டு வழக்குகள் பெருகியபின் நீதிமன்றங்கள் ஒன்றுக்கொன்று முரணாகத் தீர்ப்பளித்தன. 1992-லும் 1995-லும் உச்ச நீதிமன்றம் விலக்கைச் சுருக்கியது. 1996 ஆகஸ்டில் நாடாளுமன்றம் 'உடல்சார்ந்த' என்ற சொல்லைச் சேர்த்து, மனவேதனை உடற்காயம் ஆகாது என்றும் எழுதிவைத்தது. தூக்கமின்மை, தலைவலி, வயிற்றுக் கோளாறு ஆகியவையும் மனவேதனையின் அறிகுறிகளாகவே கொள்ளப்பட்டன. மனவேதனைக்கான மருத்துவச் செலவுக்கு ஈடான தொகைக்கு மட்டும் விலக்கு நீடித்தது. கார் மோதிக் கால் முறிந்தவரின் அச்சத்துக்குத் தரப்படும் பணத்துக்கு வரி இல்லை. மேலாளரின் கொடுமையால் ஆண்டுக்கணக்கில் உறக்கம் இழந்தவருக்கு வரி உண்டு. வேதனை எவ்வளவு என்று பாராமல் அது எங்கே தொடங்கியது என்று மட்டும் கேட்கும் இந்த விதி நியாயமற்றது.

நியூயார்க் விமானப்படைத் தளம் ஒன்றின் சுற்றுச்சூழல் கேடுகளைப் புகார் செய்ததால் பழிவாங்கப்பட்ட ஒரு பெண் இதை எதிர்த்து வழக்காடினார். அவர் பெற்ற 70,000 டாலரில் 45,000 மனவேதனைக்கு உரியது. அந்த வரி அரசமைப்புக்கு முரணானது என்று வாஷிங்டன் மேல்முறையீட்டு நீதிமன்றம் 2006 ஆகஸ்டில் தீர்ப்பளித்தது. கடும் விமர்சனம் எழவே, டிசம்பரில் அதே அமர்வு அத்தீர்ப்பைத் திரும்பப் பெற்று, 2007 ஜூலையில் வரி செல்லும் என்றது.

பணி நெருக்கடியால் மாரடைப்பு வந்த ஒருவரின் சமரசத் தொகையில் பாதிக்கு வரி நீதிமன்றம் 2010-இல் விலக்கு அளித்தது. மாரடைப்பை அது உடல்நோயாகவே கொண்டது. எந்தப் பாதிப்புக்கு எவ்வளவு பணம் என்று சமரச ஒப்பந்தத்திலேயே பிரித்து எழுதுவது வழக்கறிஞர்களின் நடைமுறை. ஒப்பந்தம் அதைச் சொல்லாதபோது, பணம் கொடுத்தவர் எந்த நோக்கத்தோடு கொடுத்தார் என்பதை வரித்துறை ஆராய்கிறது.