ஆறு மாசம் கூண்டுக்குள்ளே

லண்டனுக்கோ மான்செஸ்டருக்கோ குடும்பத்தோட கிளம்புறவங்க வீட்டுல நாயோ பூனையோ இருந்தா, விசாவை விட அந்தக் கவலைதான் பெருசா இருக்கும். மைக்ரோசிப், தடுப்பூசி, ரத்தப் பரிசோதனை, அப்புறம் மூணு மாசம் காத்திருப்பு... "ஒரு நாயைக் கூட்டிட்டுப் போக இவ்வளவு அக்கப்போரா?"ன்னு அலுத்துக்கறவங்க நிறைய. பழைய பிரிட்டிஷ் சட்டத்தைப் பார்த்தா, இதெல்லாம் ஒண்ணுமே இல்லைன்னு தோணும். நம்பர் ஒண்ணுதான்: ஆறு மாசம். உங்க நாய் எவ்வளவு ஆரோக்கியமா இருந்தாலும் சரி, எத்தனை ஊசி போட்டிருந்தாலும் சரி, இறங்கினவுடனே ஆறு மாசம் கூண்டு. செலவு உங்களோடது!

இது எங்கேருந்து வந்துச்சு? 19ம் நூற்றாண்டு இங்கிலாந்துல வெறிநாய்க்கடி, அதாங்க ரேபிஸ், பெரிய பயம். விவசாயத் துறைக்கு அமைச்சரா இருந்த வால்டர் லாங், 1897ல நாய்களுக்கு வாய்ப்பூட்டு கட்டாயம்னு கறாரா நடைமுறைப்படுத்தினார். நாய் வளர்க்கறவங்க சும்மா விடுவாங்களா? மனுஷனைத் திட்டித் தீர்த்தாங்க. ஆனா 1902ல நாட்டுல ரேபிஸே இல்லாமப் போச்சு. உள்ளூர்ல ஒழிச்சாச்சு, இனிமே வெளியிலேருந்து வராம பாத்துக்கணும் இல்லையா? அதுக்குத்தான் இறக்குமதியாகற நாய்க்கு குவாரண்டைன்.

ஏன் ஆறு மாசம்? ரேபிஸ் கிருமி உடம்புக்குள்ள போனதும் உடனே வெளியே தெரியாது. கடிபட்ட இடத்துலேருந்து நரம்பு வழியா மெதுவா மூளைக்குப் போகும். சில வாரமும் ஆகலாம், சில மாசமும் ஆகலாம். அதுவரைக்கும் நாய் வாலை ஆட்டிக்கிட்டு ஜம்முனு இருக்கும். அந்தக் கட்டத்துல இதைக் கண்டுபிடிக்க நம்பகமான பரிசோதனை இன்னிக்கும் கிடையாது. நிச்சயமா உறுதி பண்ணணும்னா செத்த பிறகு மூளையைத்தான் பார்க்கணும். சோதிக்க வழியில்லைன்னா? காத்திருக்கறது ஒண்ணுதான் வழி.

இந்தச் சட்டம் முட்டாள்தனம்னு சொல்றவங்களுக்கு 1918ல ஒரு பதில் கிடைச்சுது. முதல் உலகப்போர் முடிஞ்சு ஊர் திரும்பின சிப்பாய்கள், போர்க்களத்துல பழகின நாயை விட்டுட்டு வர மனசில்லாம, ஒளிச்சு வச்சுக் கொண்டு வந்துட்டாங்க. பாசம்தான், தப்பு சொல்ல மனசு வரலை. ஆனா ஒழிஞ்சு போன ரேபிஸ் திரும்ப வந்துடுச்சு. அதை மறுபடி ஒழிக்க 1922 வரை ஆச்சு.

பணக்காரங்க வேற வழி கண்டுபிடிச்சாங்க. நடிகை எலிசபெத் டெய்லர் 1968ல தன்னோட நாய்கள் கரையிலேயே இறங்காதபடி, தேம்ஸ் நதியில ஒரு படகை வாடகைக்கு எடுத்து அதுலயே வச்சிருந்தார். சட்டம் கரைக்குத்தானே! நம்மள மாதிரி ஆளுங்களுக்குப் படகுக்கு எங்க போறது? நாயை ஊர்லயே விட்டுட்டுப் போகணும், இல்லைன்னா போகாம இருக்கணும்.

அடுத்த வருஷமே சட்டத்துக்கு எதிர்ப்பக்கத்துலேருந்து ஒரு அடி. 1969ல ஜெர்மனியிலேருந்து வந்த ஒரு நாய், ஆறு மாசத்தை முழுசா முடிச்சு வெளியே வந்து, சில நாள்லயே கேம்பர்லியில வெறி பிடிச்சு செத்துப் போச்சு. ஆறு மாசமும் பத்தலையான்னு பயம் இன்னும் ஜாஸ்தியாச்சு. 1994ல கால்வாய்ச் சுரங்கப்பாதை திறந்தப்போ, நரி கிரி நடந்து வந்துடப் போகுதுன்னு உள்ள மின்சாரத் தடுப்பே வச்சாங்கன்னா பாருங்க!

அப்படிப்பட்ட நாடு எப்படி மனசு மாறிச்சு? மூணு விஷயம்.

ஒண்ணு, எதிர்க்கரை சுத்தமாச்சு. ஐரோப்பாவுல ரேபிஸைப் பரப்பினது முக்கியமா நரிகள். நரியைச் சுட்டுப் பார்த்தாங்க, வேலைக்கு ஆகலை. 1978ல சுவிட்சர்லாந்துல கோழித்தலைக்குள்ள தடுப்பு மருந்தை வச்சு காட்டுல போட்டாங்க. நரி அதைத் தின்னுச்சு, எதிர்ப்பு சக்தி வந்துச்சு. மத்த நாடுகளும் இதே வழிக்கு வந்தாங்க.

ரெண்டு, ரத்தப் பரிசோதனை. நோய் இருக்கான்னு பார்க்க முடியாது. ஆனா தடுப்பூசி வேலை செஞ்சிருக்கான்னு பார்க்கலாம். ஒரு மில்லி ரத்த நீர்ல 0.5 யூனிட் எதிர்ப்பொருள் இருந்தா பாஸ்.

மூணு, மைக்ரோசிப். எங்க தொழில்ல இதுக்கு அதென்டிகேஷன்னு பேர். சர்டிபிகேட் ஒரு நாய்க்கும், வர்றது இன்னொரு நாயுமா இருந்தா என்ன பண்ணுவீங்க? அரிசி அளவு சிப், அதுக்குள்ள 15 இலக்க எண். ஆள் மாறாட்டம் பண்ண முடியாது.

1997ல ஹாங்காங்கோட கடைசி கவர்னர் கிறிஸ் பேட்டன் ஊர் திரும்பினப்போ, தன்னோட விஸ்கி, சோடாங்கற ரெண்டு நாயையும் கூண்டுல போட மனசில்லாம பிரான்சுக்கு அனுப்பினார். கவர்னருக்கே இந்த கதின்னு பத்திரிகைகள்ல ஒரே பேச்சு. 1998ல பேராசிரியர் இயன் கென்னடி தலைமையிலான குழு, சட்டத்தை மாத்தலாம்னு அறிக்கை குடுத்துச்சு. 2000 பிப்ரவரி 28ல புது திட்டம் ஆரம்பமாச்சு.

இதுல எனக்குப் பிடிச்ச விஷயம் என்னன்னா, ஆறு மாசத்தை அவங்க எடுக்கவே இல்லை! அந்தத் திட்டத்துல ரத்தம் எடுத்த தேதியிலேருந்து ஆறு மாசம் கழிச்சுத்தான் நாய் உள்ள வர முடிஞ்சுது. ஊசிக்கு முன்னாடியே கிருமி புகுந்திருந்தா அதுக்குள்ள தெரிஞ்சுடும். அதே காத்திருப்பு, அதே லாஜிக். கூண்டுல காத்திருந்த நாய் அப்புறம் வீட்டுல, தன்னோட ஆளுங்க காலடியில காத்திருந்துச்சு. அவ்வளவுதான் மாற்றம். ஆனா அந்த நாய்க்கு அது எவ்வளவு பெரிய மாற்றம்!

ஆனா இந்தியா அந்தப் பட்டியல்ல இல்லை. சென்னையிலேருந்து போன நாய்க்கு 2011 கடைசி வரைக்கும் கூண்டுதான். 2012 ஜனவரி 1லேருந்துதான் நமக்கும் வழி திறந்துச்சு. முதல்ல சிப், அப்புறம் ஊசி, 30 நாள் கழிச்சு ரத்தம், அதுலேருந்து மூணு மாசம். ஆக குறைஞ்சது நாலு மாசம். ஆன்சைட் பேச்சு காதுல விழுந்த அன்னிக்கே நாய்க்கு சிப் போட்டுடுங்க. உங்க விசா ஒரு மாசத்துல வந்துடும், நாயோட தேதி அப்படி வராது.

ஏன் நமக்கு மட்டும் இன்னும் மூணு மாசம்னு கோபப்பட்டா, இன்னொரு கணக்கையும் பார்க்கணும். உலகத்துல ரேபிஸால சாகறவங்கள்ல சுமார் 36 சதவீதம் இந்தியாவுலதான்னு உலக சுகாதார நிறுவனம் சொல்லுது. அதுல நிறைய குழந்தைங்க. 1907லயே குன்னூர்ல பாஸ்டர் இன்ஸ்டிட்யூட் வந்த ஊருங்க நம்ம ஊரு. காட்டு நரிக்கே கோழித்தலையில மருந்து வச்சுக் குடுக்க முடிஞ்சுதுன்னா, தெருமுனையில படுத்திருக்கற நாய்க்கு வருஷா வருஷம் ஊசி போடறது முடியாத காரியமா? அதைச் செஞ்சா அந்த மூணு மாசமும் ஒருநாள் குறையலாம். அது குறையாட்டியும் பரவாயில்லை, குழந்தைங்க பொழைப்பாங்க.