வலி மருந்துக்குப் போட்ட பூட்டு

1/ "கஞ்சாவை மருந்தா அனுமதிக்கலாமா?" வருஷத்துக்கு நாலு தடவை டைம்லைன்ல இந்தச் சண்டை வரும். ஆனா அதே போதைப்பொருள் சட்டத்தால நம்ம நோயாளிகள் இழந்து, போராடி மீட்ட மருந்து ஒண்ணு இருக்கு. மார்ஃபின். அதன் கதைதான் இந்த த்ரெட்.

2/ அடையாறுல தொடங்குவோம். தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்த டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி 1954-ல் இங்கே புற்றுநோய் மருத்துவமனையைத் தொடங்கினார். அப்போ 12 படுக்கைகள்தான். இன்று பல மாநிலங்களிலிருந்து நோயாளிகள் வருகிறார்கள்.

3/ முற்றிய புற்றுநோயின் வலி பாராசிட்டமாலுக்கு அடங்காது. அதற்குத்தான் மார்ஃபின். விலையும் குறைவு.

4/ 1985 நவம்பர் 14. போதைப்பொருள் தடுப்புச் சட்டம் (என்.டி.பி.எஸ்.) அமலுக்கு வந்தது. "மருத்துவ, அறிவியல் தேவைகளுக்கு விலக்கு" என்று சட்டத்திலேயே இருந்தது. ஆனா பெரும்பாலான குற்றங்களுக்குக் குறைந்தபட்சம் 10 ஆண்டு சிறை. கூடவே ஒவ்வொரு மாநிலத்துக்கும் தனி விதி, பல உரிமங்கள்.

5/ கணக்குல சின்னத் தப்புன்னாலும் ஜெயிலோன்னு பயம். ஆஸ்பத்திரிகள் வாங்குறதையே விட்டாங்க. 1997-க்குள் நாட்டின் மார்ஃபின் பயன்பாடு 97% சரிந்தது. அந்த வருஷம் மொத்த இந்தியாவுக்கும் வெறும் 18 கிலோ!

6/ கொடுமை என்னன்னா, மார்ஃபின் எடுக்கும் அபினைச் சட்டப்படி விளைவித்து ஏற்றுமதி செய்யும் நாடு நாம். 1986-ல் உலக சுகாதார நிறுவனம் புற்றுநோய் வலிக்கு மூன்று படி சிகிச்சை முறையை வெளியிட்டது. கடைசிப் படி மார்ஃபின். அந்தப் படி நம்மிடம் காலி.

7/ 1993-ல் கோழிக்கோட்டில் மயக்கவியல் மருத்துவர் எம்.ஆர். ராஜகோபாலும் நண்பர்களும் வலி நிவாரண மையம் தொடங்கினர். விதிகளைத் தளர்த்தச் சொல்லி அரசு அலுவலகங்களுக்கு நடையாய் நடந்தார்கள். 1998-ல் டெல்லி உயர் நீதிமன்றம் மார்ஃபின் உரிம விண்ணப்பங்களைத் தாமதிக்கக் கூடாது என்றது. 2007-ல் வழக்கு உச்ச நீதிமன்றத்துக்கும் போனது.

8/ 2014 பிப்ரவரியில் நாடாளுமன்றம் சட்டத்தைத் திருத்தியது. "அத்தியாவசிய போதை மருந்துகள்" என்ற தனிப் பிரிவு வந்தது. நாடு முழுக்க ஒரே விதி. பூட்டைத் திறக்க 29 வருஷம்!

9/ பயம் மட்டும் இன்னும் போகல. "மார்ஃபினா? அப்போ கடைசி நேரமா?" "அடிமையாகிடுவாரா டாக்டர்?" குடும்பங்கள் கேட்கும் முதல் கேள்விகள் இவைதான். வலிக்காக, மருத்துவர் கண்காணிப்பில், சரியான அளவில் கொடுத்தால் புற்றுநோயாளி அடிமையாவது அரிது. மலச்சிக்கல் வரும்; அதற்கும் சேர்த்து மருந்து கேளுங்கள். சாவை அறிவிக்கும் மருந்து இல்லைங்க இது. நோயாளியை ராத்திரி தூங்க வைக்கும் மருந்து.

10/ தமிழ்நாட்டில் 2021-ல் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் வீட்டுக்கே வரும் வலி நிவாரண ஆதரவு சிகிச்சையும் உண்டு. கேட்டுப் பெறுங்கள்.

11/ கஞ்சாவோ மார்ஃபினோ, எந்தப் பொருளைப் பற்றிச் சட்டம் எழுதினாலும் படுக்கையில் துடிப்பவரையும் நினைத்து எழுத வேண்டும். 1985-ல் "விலக்கு" காகிதத்தில் இருந்தது. மருந்து அலமாரியில் இல்லை.

வலியோடு இருக்கும் ஒருவர் உங்கள் வீட்டில் இருந்தால், அடுத்த முறை டாக்டரிடம் தயங்காமல் கேளுங்கள்: "வலி குறைய வேற மருந்து இருக்கா?"