கண்வலிக்கிழங்கு வயலும் ஐந்து நாள் களிம்பும்

தமிழ்நாட்டின் மாநில மலரான செங்காந்தளின் கிழங்கே கண்வலிக்கிழங்கு. கிழங்கிலும் விதையிலும் இருப்பது கொல்சிசின் என்ற கொடிய நஞ்சு. வேலியோரம் தானாக முளைத்த இந்தக் கொடி, மருந்துக் கம்பெனிகளின் தேவையால் கடந்த நூற்றாண்டின் பிற்பகுதியில் வயலுக்கு வந்தது. மூலனூர், தாராபுரம், ஒட்டன்சத்திரம் வட்டாரங்கள் இதன் சாகுபடிக்குப் பேர்போனவை. கிழங்கை நட்டு, கொடி படர முள்கிளுவையோ கம்பிப் பந்தலோ அமைப்பார்கள். பூவின் சூல்தண்டு மகரந்தப் பைகளை விட்டு விலகி வளைந்திருப்பதால் தானாகக் காய் பிடிப்பது குறைவு. எனவே காலை வேளையில் ஆட்கள் பூப்பூவாக மகரந்தத்தைக் கையால் தொட்டு வைக்கிறார்கள். சுமார் ஆறு மாதத்தில் காய் பறித்து, விதையை உலர்த்தி விற்பார்கள்.

ஐரோப்பாவில் இதே நஞ்சை வேறொரு செடியிலிருந்து 1820இல் பெல்லத்தியேவும் கவாந்துவும் பிரித்தெடுத்தனர். அது முதலில் கவுட் எனும் மூட்டுவாதத்துக்கு மருந்தானது. செல் பிளவுபடுவதை அது நடுவழியில் நிறுத்துவது 1930களில் தெளிவானது. காரணம் 1960களில் தெரிந்தது: செல்லுக்குள் சாரம்போல் நிற்கும் நுண்குழல்கள் டியூபுலின் என்ற புரதத்தால் ஆனவை, கொல்சிசின் அந்தப் புரதத்தில் ஒட்டிக்கொண்டு குழல் கட்டப்படாமல் தடுக்கிறது.

இந்த அறிவு, ஆக்டினிக் கெரட்டோசிஸ் எனும் வெயில் தடிப்பின் சிகிச்சைக்கும் பயன்பட்டது. ஆண்டுக்கணக்கில் வெயில் பட்ட முகத்திலும் வழுக்கைத் தலையிலும் சொரசொரப்பான செதில்களாக இது தோன்றும். சில தடிப்புகள் புற்றுநோயாக மாறலாம். கொண்டப்பநாயக்கன்பட்டி போன்ற சேலம் சமவெளி ஊர்களில் நாளெல்லாம் வெயிலில் உழைப்போரையும் தோலின் மெலனின் பெருமளவு காக்கிறது. வெளிர் தோலினரும், பிறவியிலேயே நிறமியற்ற வெண்தோல் கொண்டோரும் எளிதில் பாதிக்கப்படுகிறார்கள்.

இந்த வெயில் தடிப்புக்கான முதல் பெரிய மருந்து 1957இல் அறிமுகமான ஃபுளூரோயுராசில். புற்றுநோய்க்கு இம்மருந்து பெற்றவர்களின் தடிப்புகள் சிவந்து, பின் மறைந்ததை 1960களில் மருத்துவர்கள் கவனித்தனர், களிம்பு பிறந்தது. டிஎன்ஏ உருவாவதைத் தடுத்து செல்லைக் கொல்லும் இதை வாரக்கணக்கில் பூச வேண்டும், தோல் புண்ணாகும். 2004இல் இத்தடிப்புக்கு அமெரிக்க அனுமதி பெற்ற இமிகுவிமோட் வேறு வழியில் போனது: உடலின் எதிர்ப்புச் செல்களைத் தூண்டி, கெட்ட செல்களைத் தாக்க வைத்தது. நம்மூரில் மருவுக்கு அம்மான் பச்சரிசிப் பாலைத் தடவுவதுபோல, ஆஸ்திரேலியாவில் அதே பேரினக் களைச்செடியின் பாலைப் பூசும் வழக்கம் இருந்தது. அதிலிருந்து வந்த இஞ்செனால் 2012இல் சந்தைக்கு வந்து, தோல் புற்றுநோய் ஐயத்தால் 2020இல் ஐரோப்பாவில் திரும்பப் பெறப்பட்டது.

அதே 2020 டிசம்பரில் அமெரிக்கா அனுமதித்த டிர்பானிபுலின், டியூபுலினில் கொல்சிசின் ஒட்டும் அதே இடத்தில் ஒட்டுகிறது. கொல்சிசின் களிம்பே முன்னர் சிறு ஆய்வுகளில் தடிப்பைக் குறைத்திருந்தது. புதிய மருந்து ஆய்வகத்தில் செயற்கையாகத் தயாரிக்கப்படுவது. கண்வலி விதை இதற்குத் தேவையில்லை. விரைந்து பிளவுபடும் செல்கள் நின்று மடிகின்றன; வளர்ச்சியைத் தூண்டும் சார்க் எனும் நொதியின் சமிக்ஞையும் தடைபடுகிறது. 1 சதவீதக் களிம்பைத் தினம் ஒருமுறை ஐந்து நாள் பூசினால் போதும். 2021இல் வெளியான இரு ஆய்வுகளில் 44, 54 சதவீதத்தினருக்குத் தடிப்புகள் முழுதும் மறைந்தன. மருந்தற்ற களிம்பு பூசியோரில் இது 5, 13 சதவீதமே. ஆனால் குணமானவர்களில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு ஓராண்டுக்குள் தடிப்பு மீண்டும் வந்தது. எனவே சிகிச்சைக்குப் பின்னும் கண்காணிப்பும் வெயில் தடுப்பும் தொடர வேண்டியுள்ளது.