இரு நகரங்களின் காவல்

இலண்டனிலிருந்தும் ரொறன்ரோவிலிருந்தும் விடுமுறைக்கு வரும் நம்மவர், வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் உறவினரோடு உரையாடுங்கால், அங்குள்ள பொலிசைப் புகழ்ந்து இங்குள்ளதை இகழ்வது வழக்கம். அவ்வொப்பீட்டை வரலாற்றின் துணைகொண்டு ஆராய்தல் வேண்டும்.

1829இல் சேர் றொபேட் பீல் இலண்டனில் நிறுவிய காவற்படை, குடிமக்களின் இசைவையே தன் வலிமையாகக் கொள்ள முயன்றது. 1866இல் பொறுப்பேற்ற காம்பெல் உருவாக்கிய இலங்கைப் பொலிசோ குடியேற்ற ஆட்சியின் கருவி. மக்களுக்கன்றி ஆட்சிக்கே பொறுப்புடையது. 1947இல் சேர் றிச்சட் அலுவிகாரை முதல் இலங்கைப் பொலிஸ்மா அதிபரானார். தலைமை மாறியது, மரபு மாறவில்லை. 1956இல் சிங்களம் மட்டும் அரசகரும மொழியாயிற்று. 1983 ஜூலையில் வெள்ளவத்தையிலே தமிழர் வீடுகள் எரிந்தபோது, காவலர் பலர் வாளாவிருந்தனர்.

எனினும் இலண்டனும் குற்றமற்றதன்று. 1993இல் ஸ்டீபன் லோறன்ஸ் என்னும் கறுப்பின இளைஞன் கொலையுண்டான். அதனை ஆராய்ந்த மக்பர்சன் அறிக்கை, அந்நகரப் பொலிசில் இனபேதம் நிறுவனமயமாக வேரூன்றியுள்ளதென 1999இல் வெளிப்படையாகக் கூறிற்று. குறையை ஒப்புக்கொள்வதே திருத்தத்தின் முதற்படி.

இங்கே 1987இல் 13ஆம் திருத்தம் தமிழையும் அரசகரும மொழியாக்கியது. ஆயினும் தமிழறிந்த காவலர் தொகை இன்னும் போதாது. முறையிட வரும் தாயொருத்தி, தான் வாசித்தறியக்கூடிய வாக்குமூலத்திலே கையொப்பமிடல் வேண்டும். நம் காவலின் தரத்தை அளக்கும் கோல் அதுவே.