ஹூண்டாய் வெர்னா டீசல் பொறிகள்

ஹூண்டாய் வெர்னா என்பது தமிழ்நாட்டின் திருப்பெரும்புதூர் அருகே இருங்காட்டுக்கோட்டையில் உள்ள ஹூண்டாய் ஆலையில் உற்பத்தி செய்யப்படும் நடுத்தர அளவுச் சீருந்து ஆகும். 2011 மே மாதம் இந்தியாவில் அறிமுகமான வெர்னாவில் வாங்குவோர் இரண்டு டீசல் பொறிகளுள் ஒன்றைத் தெரிவு செய்ய முடிந்தது. இதே தொழில் வழித்தடத்தில், ஒரகடத்தில் உள்ள, அப்போது ரெனோ-நிசான் கூட்டு ஆலையாக இருந்த ஆலையில் உருவான நிசான் சன்னியில் 1461 கன செ.மீ. டீசல் பொறி ஒன்று மட்டுமே வழங்கப்பட்டது.

பொறிகளின் விவரம்

இரண்டும் நான்கு உருளைகளும் டர்போசார்ஜரும் கொண்டவை. பொதுக்குழாய் வழியே உயர் அழுத்தத்தில் எரிபொருளை உருளைக்குள் நேரடியாகச் செலுத்தும் சி.ஆர்.டி.ஐ. முறையில் இயங்குபவை.

* 1.4 லிட்டர்: உருளை விட்டம் 75 மி.மீ., வீச்சு 79 மி.மீ., கொள்ளளவு 1396 கன செ.மீ., திறன் 90 குதிரைத்திறன், முறுக்கு விசை சுமார் 220 நியூட்டன் மீட்டர்.
* 1.6 லிட்டர்: உருளை விட்டம் 77.2 மி.மீ., வீச்சு 84.5 மி.மீ., கொள்ளளவு 1582 கன செ.மீ., திறன் 128 குதிரைத்திறன், முறுக்கு விசை சுமார் 260 நியூட்டன் மீட்டர்.

பெரிய பொறியின் திறன் சுமார் 42 விழுக்காடு கூடுதல்; முறுக்கு விசையோ சுமார் 18 விழுக்காடு மட்டுமே கூடுதல். எனவே குறைந்த வேகத்தில் நகரும் நகரப் போக்குவரத்தில் வேறுபாடு குறைவாகவே தெரியும். நெடுஞ்சாலையில் முந்திச் செல்லும்போதும், முழுச் சுமையுடன் மலைப்பாதையில் ஏறும்போதும் அது நன்கு புலப்படும். தானியங்கி கியர் வசதி 1.6 லிட்டர் பொறியுடன் மட்டுமே கிடைத்தது.

எரிபொருள் செலவு

சிறிய பொறி பெருமளவு டீசலைச் சேமிக்கும் என்பது பொதுவான எண்ணம். எடுத்துக்காட்டாக, ஒரு சீருந்து லிட்டருக்கு 20 கி.மீ., மற்றொன்று 18 கி.மீ. ஓடுவதாகக் கொள்வோம். மாதம் 1000 கி.மீ. ஓட்டினால் முதலாவதற்கு 50 லிட்டரும் இரண்டாவதற்கு ஏறத்தாழ 55.6 லிட்டரும் தேவைப்படும். மாத வேறுபாடு 6 லிட்டருக்கும் குறைவே. ஆகவே எரிபொருளைக் காட்டிலும் வாங்கும் விலையில் உள்ள வேறுபாடே தெரிவைப் பெரிதும் தீர்மானிக்கிறது.

வரியின் தாக்கம்

வெர்னா 4 மீட்டருக்கு மேல் நீளமுடையது. ஆதலால் சிறு சீருந்துகளுக்கான வரிச் சலுகை இதற்குக் கிடைக்கவில்லை. எனினும் 1500 கன செ.மீ. என்ற மற்றொரு எல்லை முக்கியமானது. 2017 செப்டம்பர் முதல் 28 விழுக்காடு சரக்கு மற்றும் சேவை வரியுடன், இவ்வெல்லைக்கு உட்பட்டவற்றுக்கு 17 விழுக்காடும் மீறியவற்றுக்கு 20 விழுக்காடும் மேல்வரி விதிக்கப்பட்டது. 2017இல் வெளிவந்த புதிய வெர்னா 1.6 லிட்டர் டீசல் பொறியை மட்டுமே கொண்டிருந்தது, 1.4 லிட்டர் பொறி 2019 சனவரியில் மீண்டும் சேர்க்கப்பட்டது. 2025 செப்டம்பர் 22 முதல் மேல்வரி நீக்கப்பட்டு இரு வகைக்கும் ஒரே 40 விழுக்காடு வரி நடைமுறைக்கு வந்தது.

தெரிவின் முடிவு

2020 ஏப்ரல் 1 முதல் பாரத் நிலை-6 மாசு விதிகள் நடைமுறைக்கு வந்தன. டீசல் சீருந்துகள் வெளியிடும் நைட்ரசன் ஆக்சைடுகளின் வரம்பு கிலோமீட்டருக்கு 250 மில்லிகிராமிலிருந்து 80 ஆகக் குறைக்கப்பட்டது. இரு பொறிகளுக்கும் பதிலாக 1493 கன செ.மீ. கொண்ட, 115 குதிரைத்திறன் உடைய ஒரே டீசல் பொறி அவ்வாண்டு வெர்னாவில் இடம்பெற்றது. இதன் உருளை விட்டம் பழைய 1.4 லிட்டர் பொறியினுடையது, வீச்சு 1.6 லிட்டர் பொறியினுடையது என்பது குறிப்பிடத்தக்கது. கொள்ளளவும் 1500 கன செ.மீ. எல்லைக்குள் அமைந்தது.

2023இல் வெளிவந்த வெர்னாவில் டீசல் பொறி இல்லை. பெட்ரோல் பொறிகள் மட்டுமே உள்ளன. எனவே டீசல் வெர்னாவை விரும்புவோர் பயன்படுத்தப்பட்ட வண்டிகளையே நாட வேண்டியுள்ளது. 2020க்குப் பிந்தைய டீசல் வண்டிகளில் புகைத்துகள் வடிகட்டி உள்ளது. அதில் சேரும் கரி எரிந்து நீங்க நீண்ட, சீரான ஓட்டம் தேவை. குறுந்தொலைவு நகரப் பயணம் மட்டும் செய்வோர் இதனைக் கருத்தில் கொள்ளுதல் நலம்.