பணிபுரிவோர் பட்டக்கல்வியும் பாடத்தின் தமிழும்: இடக்கொச்சிப் பகுதியை முன்னிட்டு ஒரு வரலாற்று நோக்கு

1. முன்னுரை

முழுநேரப் பணியில் இருந்துகொண்டே பல்கலைக்கழகப் பட்டத்துக்குப் படிக்கும் வழக்கம் இந்தியாவில் மூன்று நிலைகளைக் கடந்து வந்துள்ளது. ஆசிரியரோ பாடமோ வழங்கப்பெறாமல் தேர்வு மட்டும் நடத்தப்பட்ட தனித்தேர்வர் முறை முதல் நிலை; அச்சிட்ட பாடங்களை அஞ்சலில் அனுப்பிய அஞ்சல்வழிக் கல்வி இரண்டாம் நிலை; திறந்தநிலைப் பல்கலைக்கழகங்களோடு வந்த தொலைநிலைக் கல்வி மூன்றாம் நிலை. இவ்வரலாறு பொதுவாக நிறுவனங்களின் வரலாறாகவே கூறப்படுகிறது. ஆயின், எதிரே ஆசிரியர் இல்லாத கல்வியில் அவரிடத்தில் நிற்பது பாடத்தின் மொழியே. ஆதலின் இது மொழி வரலாறும் ஆகும். தாய்மொழி ஒன்றும் வாழும் மாநிலத்தின் மொழி மற்றொன்றுமாக அமைந்த பகுதிகளில் இவ்வுண்மை தெளிவாகப் புலப்படும். அத்தகைய பகுதிகளுள் ஒன்று மேற்குக் கொச்சி.

கொச்சி மாநகராட்சியின் தென்பகுதியில், பள்ளுருத்திக்குத் தெற்கே, வேம்பநாட்டுக் காயலை ஒட்டியுள்ளது இடக்கொச்சி. அரூர்ப் பாலம் இதனை மறுகரையுடன் இணைக்கிறது. வடக்கே மட்டாஞ்சேரியில் மிளகு, இஞ்சி முதலிய நறுமணப் பொருள் வணிகமும், அரூர்ப் பக்கம் கடலுணவு பதப்படுத்தும் தொழிலும் பலருக்கு வாழ்வளிப்பவை. மட்டாஞ்சேரி, ஃபோர்ட் கொச்சிப் பகுதிகளில் மலையாளம் பேசுவோருடன் கொங்கணி, குஜராத்தி, கச்சி, தமிழ் பேசுவோரும் தலைமுறைகளாக வாழ்கின்றனர். சலவைத் தொழிலோடு குடியேறிய தமிழ்க் குடும்பங்களும் இவர்களுள் அடங்கும். இப்பகுதி அடங்கிய எறணாகுளம், 1990 பிப்ரவரி 4ஆம் நாள் இந்தியாவின் முதல் முழு எழுத்தறிவு மாவட்டமாக அறிவிக்கப்பட்டது. எழுத்தறிந்தவர் வேலை பார்க்கும் வயதில் மேற்படிப்பை எம்மொழியில், எவ்வழியில் பெறுவது என்பது அதன்பின் எழும் வினா.

2. தனித்தேர்வர் காலம்

கல்லூரிக்குச் செல்லாதவரும் தேர்வெழுதிப் பட்டம் பெறலாம் என்னும் நெறியை இலண்டன் பல்கலைக்கழகம் 1858இல் ஏற்றது. இலங்கையில் 1921இல் தோன்றிய பல்கலைக்கழகக் கல்லூரி, 1942இல் தனிப் பல்கலைக்கழகம் உருவாகும்வரை, இவ்வகைப் பட்டங்களுக்கே மாணவரை ஆயத்தம் செய்தது. தமிழகத்தில், 1901இல் பாண்டித்துரைத் தேவர் நிறுவிய மதுரைத் தமிழ்ச் சங்கம் பிரவேச பண்டிதம், பால பண்டிதம், பண்டிதம் என்னும் தேர்வுகளை நடத்தியது. சென்னைப் பல்கலைக்கழகத்தின் வித்துவான் தேர்வும் தனியே பயின்றோர்க்கு இடமளித்தது.

இம்முறைக்குச் சிறந்த சான்று மு. வரதராசனாரின் வாழ்க்கை. திருப்பத்தூர் வட்டாட்சியர் அலுவலகத்தில் எழுத்தராகச் சில காலம் பணியாற்றிய அவர், தனியே பயின்று 1935இல் வித்துவான் தேர்வில் தேறினார். பள்ளியாசிரியராக இருந்துகொண்டே 1939இல் பி.ஓ.எல். பட்டமும், கல்லூரியில் பணியாற்றிய காலத்தில், தமிழ் வினைச்சொற்கள் பற்றிய ஆய்வேட்டுக்காக 1944இல் எம்.ஓ.எல். பட்டமும் பெற்றார். 1971இல் மதுரைப் பல்கலைக்கழகத்தின் துணைவேந்தரானார். அப்பல்கலைக்கழகம் அஞ்சல்வழிக் கல்வியைத் தொடங்கியதும் அவ்வாண்டிலேயே என்பது கருதத்தக்கது.

3. அஞ்சல்வழிக் கல்வி

டி.எஸ். கோத்தாரி தலைமையிலான குழுவின் பரிந்துரையை ஒட்டி, 1962இல் தில்லிப் பல்கலைக்கழகம் இந்தியாவின் முதல் அஞ்சல்வழிப் பட்டக்கல்வியைத் தொடங்கியது. 1971இல் மதுரை, 1979இல் அண்ணாமலை, 1981இல் சென்னை ஆகிய பல்கலைக்கழகங்கள் இவ்வழியை மேற்கொண்டன. கேரளத்தில் 1976இல் கேரளப் பல்கலைக்கழகமும் 1981இல் கோழிக்கோட்டுப் பல்கலைக்கழகமும் தொடங்கின. எனினும் அங்குத் தனித்தேர்வர் பதிவு மறையவில்லை. அத்தகையோரைப் பயிற்றுவிக்கும் 'பாரலல்' கல்லூரிகள் சிற்றூர்களிலும் பெருகின.

இரு மாநிலங்களும் ஒரே தேவைக்கு இருவேறு விடை கண்டன. ஒன்று, ஆசிரியரை அச்சிட்ட தாளில் அனுப்பியது. மற்றொன்று, வேலை நேரத்துக்கு முன்னும் பின்னும் பாடம் சொல்லும் ஆசிரியரை ஊருக்குள்ளேயே வைத்தது. முன்னதில் பாடநடை செம்மையாக அமைவது இன்றியமையாதது. பின்னதில் நூலின் கடுமையை ஆசிரியரின் வாய்மொழி தணித்துவிடும்.

4. காலமும் நடையும்

ஆந்திரப் பிரதேசத்தில் 1982இல் முதல் திறந்தநிலைப் பல்கலைக்கழகமும், 1985இல் இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகமும், 2002இல் தமிழ்நாடு திறந்தநிலைப் பல்கலைக்கழகமும் தோன்றின. தேசியப் பல்கலைக்கழகம் ஒரு மதிப்பலகை 30 மணி நேரப் படிப்பாகக் கணக்கிட்டது. அதன் பழைய இளநிலைப் பட்டத்துக்கு 96 மதிப்பலகுகள், அதாவது 2880 மணி நேரம், தேவைப்பட்டன. குறைந்த காலமாகிய 3 ஆண்டுகளில் முடிக்க வாரத்துக்கு ஏறத்தாழ 18 மணி நேரமும், மிகுந்த காலமாகிய 6 ஆண்டுகளில் முடிக்க 9 மணி நேரமும் படிக்க வேண்டும். 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டம் வகுத்த உச்ச வரம்பு வாரத்துக்கு 48 மணி நேர வேலை. அவ்வளவும் உழைப்பவர் மிஞ்சிய பொழுதில்தான் இதனைத் தேடிக்கொள்ள வேண்டும்.

இக்கணக்கை மொழிபெயர்ப்பாளர் நினைவில் இருத்துதல் வேண்டும். மும்முறை படித்தாலன்றி விளங்காத வாக்கியம், உழைப்பவரின் இரவிலிருந்து அந்நேரத்தை எடுத்துக்கொள்கிறது. 'உற்பத்திக் காரணிகளின் விலைகளில் ஏற்படுகின்ற மாற்றங்களால் பாதிக்கப்படுகின்ற நிறுவனத்தினால் மேற்கொள்ளப்படும் முடிவுகள்' என்னும் தொடரில் பெயரெச்சங்கள் அடுக்கடுக்காக வந்து, தலைச்சொல் இறுதியிலேயே கிடைக்கிறது. 'கூலியோ வாடகையோ உயர்ந்தால் நிறுவனம் தன் முடிவை மாற்றிக்கொள்கிறது' என்பதில் பொருள் வரிசையாக வந்து நிற்கிறது. முன்னதில் பொருட்பிழை இல்லை. ஆயினும் தனியே படிப்பவர்க்கு அது பயன்படுவதில்லை.

ஆசிரியர் இல்லாத இடத்தில் உரையாடலை அச்சில் ஏற்றும் முயற்சி கொச்சிக்குப் புதிதன்று. ஹென்றிக்கே ஹென்றிக்கஸ் அடிகளார் தமிழாக்கிய 'கிரீசித்தியானி வணக்கம்' 1579இல் கொச்சியில் அச்சாயிற்று. மார்க்கோஸ் ஜோர்ஜ் போர்த்துகீசிய மொழியில் எழுதிய வினாவிடை நூலின் தமிழாக்கம் அது. ஆசிரியரும் மாணவரும் மாறிமாறிப் பேசும் வடிவினது. சமயக் கல்விக்கு எழுந்த அந்நூலுக்கும் பட்டக்கல்விப் பாடங்களுக்கும் நேர்த்தொடர்பு இல்லை. எனினும் இக்காலத் தன்கற்றல் பாடங்களில் ஒவ்வோர் அலகினுள்ளும் வரும் தன்மதிப்பீட்டு வினாக்கள் ஆற்றும் பணி அவ்வடிவம் ஆற்றிய பணியே. ஆங்கில மூலத்தின் முன்னிலைப் பெயருக்குத் தமிழில் 'நீங்கள்' என்பதா, 'மாணவர்' என்னும் படர்க்கையா, 'எழுதுக' என்னும் வியங்கோளா என்பது இங்கு நடைச்சிக்கல் மட்டுமன்று. 'எழுதுக' என்பது தேர்வுத்தாளின் குரல். 'நீங்கள்' என்பதோ உடனிருக்கும் ஆசிரியரின் குரல்.

5. கலைச்சொற்கள்

இம்முறைகளுக்கு வழங்கிய பெயர்கள் ஒப்புநோக்கத்தக்கவை. 'பிரைவேட்' என்னும் ஆங்கிலச் சொல்லை மலையாள வழக்கு அப்படியே ஏற்றது. தமிழ், 'தனியார்' என மயங்காமல், 'தனி' என்னும் பொருளைக் கண்டு 'தனித்தேர்வர்' என்றது. இலங்கைத் தமிழ் அதே வகுப்பினரின் பட்டத்தை 'வெளிவாரிப் பட்டம்' என்கிறது. முன்னது கற்பவரின் நிலையையும், பின்னது நிறுவனத்துக்கு வெளியே என்னும் இடத்தையும் சுட்டும்.

மலையாளத்தின் 'விதூர வித்யாப்யாசம்' தொலைவை வடசொல்லால் குறிக்கிறது. தமிழில் வழங்கும் 'தொலைதூரக் கல்வி' ஒருபொருட் பன்மொழி. 'தொலைநிலைக் கல்வி' அக்குறையை நீக்கியது. இலங்கையின் 'தொலைக்கல்வி' இன்னும் சுருக்கமானது. 1980இல் தோன்றிய இலங்கைப் பல்கலைக்கழகம் 'திறந்த' என்னும் பெயரெச்சத்தையும், தமிழ்நாட்டுப் பல்கலைக்கழகம் 'திறந்தநிலை' என்பதையும் கொண்டன. 'திறந்த' என்பது ஒருமுறை நிகழ்ந்த செயலாகவும் கொள்ளப்படலாம். 'நிலை' சேர்ந்ததும் அது நீடிக்கும் கொள்கையாகிறது.

6. ஏற்பும் எல்லையும்

அக்கொள்கையின் அளவு எது என்னும் வினா நீதிமன்றம் வரை சென்றது. தொலைநிலைக் கல்விக் குழுமத்தின் ஏற்புடைய பட்டங்கள் மத்திய அரசுப் பணிக்குத் தாமாகவே ஏற்கப்படும் என 1995இல் மைய அரசு அறிவித்தது. அடிப்படைப் பட்டமின்றித் திறந்தநிலை முறையில் பெற்ற முதுகலைப் பட்டம் செல்லாது என 2009இல் உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்தது. மாநிலப் பல்கலைக்கழகங்கள் தம் மாநிலத்துக்கு அப்பால் பயிற்றுவிக்கலாகாது எனப் பல்கலைக்கழக மானியக் குழு 2013இல் அறிவித்தது. 2017, 2020ஆம் ஆண்டு விதிமுறைகளும் தொலைநிலைக் கல்விக்கு ஆட்சி எல்லையை வரையறுத்தன.

தரமற்ற பயிற்சி மையங்களைக் கட்டுப்படுத்த இவ்வரம்பு வேண்டப்பட்டது. ஆயினும் அஞ்சல்வழிக் கல்வி மொழியின் எல்லையில் இயங்கக்கூடியது. புதிய விதி மாநிலத்தின் எல்லையைக் கொண்டது. இரண்டும் ஒன்றல்லாத இடங்களில் வாழ்வோரே இழப்புக்கு உள்ளாவர். மட்டாஞ்சேரிக் கிடங்கிலோ இடக்கொச்சித் தொழிற்கூடத்திலோ பணிபுரியும் தமிழர்க்குத் தமிழகப் பல்கலைக்கழகத்தின் தொலைநிலைப் பாடம் இவ்விதியால் எட்டாததாயிற்று. தேசியப் பல்கலைக்கழகமும், 2020இல் கொல்லத்தில் தோன்றிய ஸ்ரீநாராயணகுரு திறந்தநிலைப் பல்கலைக்கழகமும் அவருக்குத் திறந்துள்ளன. இணையவழிப் பட்டங்களுக்கும் மாநில எல்லை இல்லை. 2001இல் அமைந்த தமிழ் இணையப் பல்கலைக்கழகத்தின் பாடங்கள், இன்று தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் தளத்தில், எங்கிருப்பவரும் படிக்கக் கிடைக்கின்றன.

7. முடிவுரை

தனித்தேர்வர்க்குத் தேர்வு கிடைத்தது, பாடம் கிடைக்கவில்லை. அஞ்சல்வழி மாணவர்க்குப் பாடம் கிடைத்தது. அதன் நடை பல இடங்களில் வகுப்பறை விளக்கத்தை எதிர்பார்க்கும் நடையாகவே இருந்தது. இணையம் இப்போது வழியைத் திறந்திருப்பினும், பாடத்தின் தமிழ் செம்மையுறாதவரை தொலைவு குறையாது. விதிகளை மாற்றுதல் அரசின் கையில் உள்ளது. வேலை முடித்து வந்தவர் ஒருமுறை படித்ததும் பொருள் உணரும் வாக்கியத்தை எழுதுதல் பாடம் எழுதுவோர், மொழிபெயர்ப்போர் ஆகியோரின் கையில் உள்ளது.