குருசடைத் தீவின் புழுவும் அதன் தவறான முகவரிகளும்



ஓசூரில் உட்கார்ந்துகொண்டு கடல் புழுவைப் பற்றி என்ன கட்டுரை என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்விதான். எங்கள் ஊரில் மணல் என்றால் லாரியில் வரும் எம்-சாண்ட். பாறையை கிரஷரில் போட்டு அரைத்த தூள். அதில் எந்த உயிரும் இருக்காது. எங்கள் பக்கத்திலிருந்து கடலுக்குப் போகிற ஒரே ஆள் தென்பெண்ணை ஆறு. அதுவும் கெலவரப்பள்ளி, கிருஷ்ணகிரி, சாத்தனூர் அணைகளைத் தாண்டித்தான் கடலூர் பக்கம் போய்ச் சேர வேண்டும்.

ஆனாலும் பள்ளியில் விலங்கியல் படித்த எல்லோருக்கும் ஒரு கடல் புழுவைத் தெரியும். அரைநாணிகளுக்கு எடுத்துக்காட்டு என்றதும் யோசிக்காமல் எழுதுவோமே, பலனோகிளாசஸ், அதுதான்! நான் அதை முதலில் பார்த்தது ஃபார்மலின் பாட்டிலில். பழுப்பு நிறத்தில், நைந்துபோன கயிறு மாதிரி கிடந்தது. "முதுகெலும்பு உள்ளவைக்கும் இல்லாதவைக்கும் இடையே பாலம்" என்று ரெக்கார்டு நோட்டில் எழுதிக்கொண்டோம். இந்தக் கயிறா நமக்குப் பாலம்? எனக்கு நம்பிக்கையே வரவில்லை. பிறகு தேடிப் படித்தபோது தெரிந்தது, சந்தேகப்பட்டது நான் மட்டும் இல்லை. இரண்டு நூற்றாண்டுகளாக விஞ்ஞானிகளே இந்தப் புழுவுக்கு முகவரி மாற்றி மாற்றி எழுதியிருக்கிறார்கள் :)

முதலில் ஆளை அறிமுகப்படுத்திவிடுகிறேன். ராமநாதபுரம் மாவட்டத்தில் பாம்பனுக்குப் பக்கத்தில் குருசடைத் தீவு இருக்கிறது. அந்தத் தீவின் மணலில் வாழும் இனத்தின் பெயர் டைக்கோடெரா ஃபிளாவா. பலனோகிளாசஸின் நெருங்கிய சொந்தம். உடம்பு மூன்று பகுதி: முன்னால் மணலைத் துளைக்கும் மூக்கு போன்ற பகுதி, அடுத்து கழுத்துப்பட்டை, அதற்குப் பின்னால் நீளமான உடல். எலும்பும் இல்லை, ஓடும் இல்லை. மணலை விழுங்கி, அதில் ஒட்டியிருக்கும் உணவுத் துணுக்குகளை எடுத்துக்கொண்டு, மிச்ச மணலை வெளியே தள்ளுகிறது. நம் வயலில் மண்புழு செய்யும் வேலையைக் கடற்கரையில் இது செய்கிறது. கையில் எடுத்தால் அயடோஃபார்ம் மருந்து மாதிரி வாடை வரும். அதன் உடலில் உள்ள புரோமின் சேர்மங்கள்தான் காரணம்.

இனி முகவரிக் கதை.

1825ல் எஷ்ஷோல்ட்ஸ் என்பவர் பசிபிக் கடலின் மார்ஷல் தீவுகளில் கிடைத்த இந்த டைக்கோடெராவை முதன்முதலில் விவரித்தார். அவர் இதைக் கடல் அட்டை வகை என்று நினைத்தார். இது முதல் தவறான முகவரி.

1850ல் ஜெர்மானிய அறிஞர் யோகன்னஸ் முல்லர் கடலில் மிதக்கும் ஒரு சின்ன லார்வாவைக் கண்டு டார்னேரியா என்று பெயர் வைத்தார். நட்சத்திர மீனின் குஞ்சு என்பது அவர் எண்ணம். சுமார் இருபது ஆண்டுகள் கழித்து மெச்னிகாஃப் அது பலனோகிளாசஸின் குஞ்சு என்று காட்டினார். அதாவது, தாய்க்கு ஒரு முகவரி, பிள்ளைக்கு வேறு முகவரி!

இதற்கிடையில் 1866ல் ரஷ்ய அறிஞர் கொவலெவ்ஸ்கி ஒரு பெரிய விஷயத்தைக் கவனித்தார். இந்தப் புழுவின் தொண்டைப் பகுதியில் மீனுக்கு இருப்பது போன்ற செவுள் பிளவுகள்! புழுவுக்கு எதற்குச் செவுள்? அங்கேதான் எல்லோரும் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள்.

1883, 1884ல் வில்லியம் பேட்சன் என்ற இங்கிலாந்து இளைஞர் அமெரிக்கா போய், செசபீக் விரிகுடாக் கரையில் இதன் உறவுக்காரப் புழு ஒன்றின் கரு வளர்ச்சியை ஆராய்ந்தார். செவுளோடு முதுகுநாண் போன்ற ஒரு பகுதியும் இருப்பதாகச் சொல்லி, ஹெமிகார்டேட்டா, அதாவது அரைநாணிகள் என்று பெயர் கொடுத்தார். நம் பாடப்புத்தகத்தில் இருப்பது அந்தப் பெயர்தான். (பின்னாளில் ஜெனிடிக்ஸ் என்ற சொல்லைத் தந்தவரும் இவரே.) ஆனால் அவர் முதுகுநாண் என்று நினைத்தது உண்மையான முதுகுநாண் இல்லை என்பது பிறகு தெரிந்தது. முகவரி மறுபடியும் மாறியது. 1990களில் மரபணு ஒப்பீடுகள் வந்தபோது, நட்சத்திர மீன் கூட்டம்தான் இதற்கு மிக நெருங்கிய உறவு என்று உறுதியானது. முல்லர் தவறாகச் சொன்னதிலும் ஒரு உண்மை ஒளிந்திருந்தது, பாருங்கள்!

அப்படியானால் நமக்கும் இதற்கும் உறவே இல்லையா? இருக்கிறது. 2015ல் டைக்கோடெரா ஃபிளாவாவின் மரபணுத் தொகுதி வெளியானது. செவுள் உருவாக்கத்தோடு தொடர்புள்ள சில மரபணுக்கள் அதில் ஒன்றன் பக்கத்தில் ஒன்றாக இருக்கின்றன. முதுகெலும்பிகளிலும் அதே மாதிரி இருக்கின்றன. நாம் கருவாக இருக்கும்போது நம் தொண்டையிலும் செவுள் பைகள் தோன்றுகின்றன. நமக்கு அவை செவுள் ஆவதில்லை. அதில் ஒன்று காதையும் தொண்டையையும் இணைக்கும் குழாயாகிறது. மலைப்பாதையில் பஸ் இறங்கும்போது காது அடைத்தால் எச்சில் விழுங்குகிறோமே, அப்போது திறப்பது அந்தக் குழாய்தான்! ஆக, இந்தப் புழு நம் பாட்டன் இல்லை, பாலமும் இல்லை. ஒரே பழைய வீட்டிலிருந்து பிரிந்துபோன தூரத்துப் பங்காளி.

இப்போது குருசடைக்கு வருவோம். சென்னை அருங்காட்சியகத்தின் தலைவராக இருந்த எட்கர் தர்ஸ்டன் 1890ல் மன்னார் வளைகுடாவின் முத்து, சங்கு, கடல் உயிர்கள் பற்றி எழுதினார். அவருக்குப் பின்னால் வந்த கிரேவ்லி காலத்தில், 1927ல், குருசடைத் தீவின் கரையோர உயிர்களுக்கென்றே அருங்காட்சியகம் ஒரு தனித் தொகுப்பு வெளியிட்டது. உயிரியலாளர்களின் சொர்க்கம் என்று பெயர் வாங்கிய தீவு அது. விலங்கியல் மாணவர்களின் சுற்றுலா என்றால் குருசடை என்று இருந்த காலமும் உண்டு.

அதே வளைகுடாவில் இன்னொரு கூட்டம் பவளப்பாறைகளை வெட்டி, சுண்ணாம்புக்கும் கட்டடத்துக்கும் படகு படகாக ஏற்றியது. அலையைத் தடுத்துத் தீவின் மணலைக் காப்பாற்றுவது பவளப்பாறை. அது போனால் மணல் கரையும். 1986ல் 21 தீவுகளைச் சேர்த்து கடல்சார் தேசியப் பூங்கா அறிவிக்கப்பட்டது. 2001ல் பவளங்கள் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்துக்குள் வந்தன. இருந்தும் விலாங்குசல்லி, பூவரசன்பட்டி என்ற இரண்டு தீவுகள் கடலுக்குள் மூழ்கிவிட்டன. அந்தத் தீவுகளின் மணலுக்குள் என்னென்ன குடியிருந்தன என்று இனிமேல் யார் போய்ப் பார்ப்பது?

இதை எழுதும்போது எம்-சாண்ட் லாரி ஒன்று தெருவில் போகிறது. மணலைப் பார்த்தால் நமக்குக் கட்டடம்தான் ஞாபகம் வருகிறது. கொவலெவ்ஸ்கியும் பேட்சனும் அதற்குள் இருந்த புழுவின் தொண்டையைப் பார்த்தார்கள். வெளித்தோற்றத்தை வைத்து முகவரி எழுதியவர்கள் தவறினார்கள். பொறுமையாக உள்ளே பார்த்தவர்களும் தவறினார்கள், ஆனால் ஒவ்வொரு முறையும் உண்மைக்குக் கொஞ்சம் பக்கத்தில் வந்தார்கள். அப்படிப் பார்ப்பதற்குப் புழு உயிரோடு இருக்க வேண்டும். புழு இருக்க, மணல் இருக்க வேண்டும்.

அடுத்த முறை லேபில் அந்தப் பாட்டிலைப் பார்த்தால், இரண்டு மார்க் என்று நினைக்காமல் ஒரு நிமிடம் நின்று பாருங்கள் நண்பர்களே. உள்ளே இருப்பது நம் பங்காளி!

மீண்டும் சந்திப்போம்.